செவ்வாய்க்குப் புள்ளி

இரவு பதினொன்றரை, அடிலெய்டு.
பதினொன்றுக்கு மேல் ஊர் தூங்க வேண்டுமென்று சட்டம்,
ஓடுபாதையும் படுத்துவிட்டது.
நான் மட்டும் புறப்பாடுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதன் பெயர் கோடைக்கால அட்டவணை.
வடக்கே யாரோ வைத்த பெயர்.
இங்கே இலையுதிர்காலம்,
என் கம்பளிச் சட்டை நாற்காலி முதுகில் காத்திருக்கிறது.

விமான எண், நாலு இலக்கம்.
எங்கிருந்து: ஏ டி எல்.
எங்கே: பி ஹெச் க்யூ.
(க்யூ எதற்கென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.)
முப்பத்து நாலு இருக்கை, இரண்டு காற்றாடி.

நேர மண்டலம் என்ற பெட்டியில்
மென்பொருள் தானாகச் சிட்னியைப் போட்டுக்கொள்கிறது.
அதன் மேல் தப்பில்லை.
புரோக்கன் ஹில் அப்படிப்பட்ட ஊர்:
சம்பந்தம் சிட்னியோடு,
சாப்பாடு அடிலெய்டோடு.
ஓட்டுப் போடுவது ஒரு மாநிலத்துக்கு,
கடிகாரம் திருப்புவது பக்கத்து மாநிலத்தைப் பார்த்து.
கையால் மாற்றுகிறேன்,
எட்டாவது வருஷமாக.

காலை ஆறு நாற்பது என்பது பயணியின் பாஷை.
என் திரைக்கு உலகம் முழுக்க ஒரே நேரம்.
அதில் என் ஆறு நாற்பது
முந்தின நாள் இரவு எட்டுப் பத்து.
ஏப்ரல் முதல் ஞாயிறு
எல்லோரும் கடிகாரத்தைப் பின்னால் இழுத்தபின்
ஒன்பது பத்து.
ஆகவே ஒரு விமானத்துக்கு இரண்டு வரி.
முதல் வரிக்கு ஆயுள் ஏழே நாள்,
இரண்டாவது அக்டோபர் வரை இருக்கும்.
அதே விமானி, அதே ஆறிய காப்பி,
அதே படியில் தலை குனிந்து ஏறும் உயரமானவர்கள்.
வரி மட்டும் செத்துப் பிறக்கிறது.

பிறகு கிழமைகள்.
நமக்கு வாரம் ஞாயிற்றில் விடியும்,
இங்கே திங்கள்தான் ஒன்று.
ஓடும் நாளுக்கு எண்,
ஓடாத நாளுக்குப் புள்ளி.
மேலிடத்து மின்னஞ்சல் சுருக்கமானது:
செவ்வாயில் லாபமில்லை, எடுத்துவிடு.
இரண்டை அழித்துப் புள்ளி வைத்தேன்.
ஒன்றாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது,
தலையில் புள்ளி விழுந்தால் உயிர் போகும்,
மெய் நிற்கும்.
சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் டோரீன் அழைத்தாள்.
புரோக்கன் ஹில் கவுண்டரில்
டிக்கெட்டும் அவள், மூட்டையும் அவள்.
"வாஸ், புதன்கிழமையை எங்கே வைத்தாய்?"
வாசுகி என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை.
"கண் டாக்டர் புதன்தானே வருவார்,
பதினாறு பேருக்கு நாள் கொடுத்தாயிற்று.
செவ்வாய்க்கு உண்டென்கிறது திரை,
புதனுக்கு இல்லை என்கிறது."

பார்த்தேன்.
நம் செவ்வாய் விடியல்
அந்த நேரத்தில் இன்னும் திங்கள் இரவு.
எட்டு வருஷ அனுபவம்,
கொன்றது புதனை.

புள்ளியை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினேன்,
இரண்டு வரியிலும்.
பதினாறு ஜோடிக் கண்கள் திரும்பி வந்தன.
"செவ்வாய்?" என்றாள்.
"அது போனது போனதுதான்."
"திரும்பும் விமானத்தில் ஆஸ்பத்திரி ரத்தப் பெட்டி வைப்பேனே,
அதை எதில் அனுப்ப?"

ரத்தத்துக்கு டிக்கெட் கிடையாது,
இருக்கைக் கணக்கில் அது உட்காராது.
மேலிடத்துக்கு எழுதினேன்.
பதில் வரவில்லை, திங்கள் வரலாம்,
யாருடைய திங்களோ.

பதிவின் கடைசியில் குறிப்பு என்று ஒரு பெட்டி உண்டு.
எழுபது எழுத்துக்கு இடம்.
எந்த விமானமும் அதைப் படித்துப் பறப்பதில்லை.
எழுதினேன்:
செவ்வாய் ரத்தப் பெட்டி. டோரீனைக் கேட்கவும்.
சேமித்தேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.